பைக்கு அடங்காத போன்

மச்சான்,

யாருமே நம்பமுடியாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று, பாளையம்பட்டி போகும் டவுன் பஸ்ஸின் கம்பியைப் பிடித்தபடி மனப்பூர்வமாக உறுதி கூறுகிறேன். நீ போய்ச் சேர்ந்த இடத்தில் பஸ் உண்டா என்று தெரியாது. இருந்தால் நீயும் ஒரு கம்பியைப் பிடித்துக்கொள். கதையில் வேகத்தடை அதிகம்.

இன்று காலை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடை வாசலில் ஆள் உயரத்துக்குப் படம் ஒன்று ஒட்டியிருந்தார்கள். படத்தில் போனைக் காணோம். கறுப்புத் துணியைப் போர்த்தி எதையோ நிறுத்தியிருந்தார்கள். மேலே ‘வருகிறது’ என்று ஒரே ஒரு சொல். என்ன வருகிறது, எதற்கு வருகிறது, வந்தால் எப்போது போகும், ஒரு விவரமும் இல்லை. ஊரெல்லாம் துணிக்குள் என்ன இருக்கிறது என்று யோசிக்கும். நீயோ துணியைத்தான் பார்ப்பாய். “பாலியஸ்டர்டா மாப்ள. ஒரு சுருக்கம் விழல பாரு. சுருக்கம் விழாத துணியப் போட்டு மூடுறவன நம்பாத” என்றிருப்பாய். நீ இல்லாத குறைக்கு நானே கையை விரித்துச் சாண் போட்டேன்.

கடையிலிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். “என்ன மாமா, செவத்த அளக்குறீக?”

“உள்ள இருக்கிற சாமான் எம்புட்டு பெருசு தாயி?”

“எங்களுக்கே சொல்லல மாமா.”

“விக்கிற ஒனக்கே தெரியாதா?”

“கையிலயே பிடிக்க வேண்டாமுன்னு பேசிக்கிறாக. பேட்ஜ் மாதிரி நெஞ்சுல குத்திக்கிரணுமாம். நாம பாக்குறத அதுவும் பாக்குமாம். கேட்டா காதுல பதில் சொல்லுமாம். பேரு எழுதிக்கிறட்டா? மொத ஆளு நீங்கதேன்.”

“நான் பாக்குறத அது எதுக்குத் தாயி பாக்கணும்?”

“அதான் மாமா வசதி.”

யாருக்கு வசதி என்று கேட்க வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது. ஏறினதிலிருந்து உன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பாளையம்பட்டியில் உன் தையல்கடை இருந்ததே, எட்டடிக்கு எட்டடி. அதில் ரெண்டு மிஷின், காஜா எடுக்க ஒரு மிஷின், ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் நான். மதுரை பஸ்ஸில் கண்டக்டர் உத்தியோகம் பார்த்தவன் என்பதால் மதுரையில் எது வந்தாலும் அதை முதலில் உன் கடையில் கொண்டுவந்து இறக்குவேன். பாதி சரக்கு நான் வழியில் ஏற்றியது என்பது வேறு விஷயம். பாதி வழி தாண்டுவதற்குள் ஒரு சேதிக்குக் கைகால் முளைத்துவிடும். அருப்புக்கோட்டை வருவதற்குள் அதற்கு மீசையும் வந்துவிடும்.

பித்தான் போன் போய், விரலால் தேய்க்கிற போன் தலைகாட்டிய காலம் அது. தேய்க்கிற போன் வைத்திருந்தவர்கள் ஊருக்கு மூணு பேர், மூணு பேருக்குமே சட்டை தைத்தது நீ. நீ தைத்த சட்டைப் பைக்கு அது அடங்கவில்லை. ஒருத்தர் ஆட்டுக்குத் தண்ணி காட்டக் குனிந்தார். போன் தொட்டிக்குள் போய்விட்டது. ஆடு குடிப்பதை நிறுத்திவிட்டு அவரைத் திட்டியது என்று அப்போது நான் சொன்னேன், இப்போதும் அதில் மாற்றமில்லை. அந்த மனுசன் ஈரப் போனோடு நேரே உன் கடைக்கு வந்தார். “ஒம் பையாலதேன் போச்சு” என்றார். அந்தப் போனைச் செய்தவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் உனக்குச் சந்தேகம் முளைத்தது. ரெண்டு நாள் கத்திரியைத் தொடாமல் யோசித்துவிட்டு ஒரு முடிவைச் சொன்னாய். “ஏலே மாப்ள, சட்டை போடுற மனுசனுக்குத்தான போனச் செய்றான்? பையை ஒருக்கா அளந்து பாத்திருக்க மாட்டானா? அளந்துதான் இருப்பான். அளந்துட்டுத்தான் ஒரு விரக்கட கூடுதலாச் செஞ்சிருக்கான். பையில அடங்கலன்னா கையில வச்சுக்கிருவான். கையில இருந்தா பாத்துக்கிட்டே இருப்பான். அதான்டா அவுக திட்டம்.”

நான் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடை முறுக்கெல்லாம் நொறுங்கிப்போயின. நீ சிரிக்கவில்லை. “இனிமே போனு வந்தப்புறம் பை தைக்கக் கூடாது. வரப்போற போனுக்கு இப்பவே தச்சுப்புடணும். எம்புட்டு பெருசா வருதுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்” என்றாய்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் திருச்சுழிப் பக்கத்திலிருந்து அந்தக் கல்யாண ஆர்டர் வந்தது. மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் இருபத்தாறு பேருக்கு ஒரே துணியில் சட்டை. மானாவாரி வெள்ளாமைக்காரர்கள், வானத்தையே மூணு தடவை பார்த்துத்தான் நம்புகிறவர்கள். இது நன்றாக அமைந்தால் அந்த ஊரே உன் கடைக்கு வரும். சொதப்பினால் அந்தப் பக்கம் முழுக்க உன் பேர் கெடும். இதை நீ எனக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்னாய்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

“மச்சான், மதுரையில நேத்து கண்ணால பாத்தேன். அடுத்து வர்ற போனு சிலேட்டு அகலம். பொங்கலுக்குள்ள ஊரெல்லாம் இதுதேன்.”

“சிலேட்டையாடா காதுல வச்சுப் பேசுவான்?”

“காதுல எதுக்கு வைக்கணும்? மேசையில கெடந்தே பேசும். நம்ம கொட்டாவி விட்டா அதுவும் விடும்.”

“ஏலே, வெளாடாதே.”

“ஒனக்குப் பொய் சொல்லி எனக்கென்ன மச்சான் கெடைக்கப்போகுது?”

நீ டேப்பை என் கையில் கொடுத்தாய். நானும் மகா கணக்காக இல்லாத போனுக்கு நீளம் அகலம் காட்டினேன். ஒவ்வொரு சட்டையிலும் நெஞ்சில் தொடங்கி இடுப்பில் முடிகிற பை. விதைநெல்லே அளந்து போடலாம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளையின் பெரியப்பா ரெண்டு ஆட்களோடு வந்தார். ஒரு சட்டையை விரித்தார். பைக்குள் கையை விட்டார். முழங்கை வரை போனது. “தையக்காரரே, இது சட்டையா, சாக்கா?” என்றார். பிரித்துத் தைக்கவும் வழியில்லை. நேரமும் கிடையாது, பிரித்தாலும் புதுத் துணியில் ஊசித்தடம் வரிசையாகத் தெரியும். உன் முகம் வெள்ளாவி வைத்த துணிபோல வெளுத்துவிட்டது.

அப்போது எழுந்தேன் பார், நான்! அருப்புக்கோட்டைச் சீமை அதுவரை கேட்டிராத சொற்பொழிவு. “பெரியவரே, இது இன்றைய சட்டை அல்ல, நாளைய சட்டை. வரப்போகிற போனுக்கு இந்த ஜில்லாவிலேயே முதன்முதலாகத் தைத்த பை. சென்னையில் இருக்கிறவனுக்கே இன்னும் கிடைக்கவில்லை” என்று முக்கால் மணி நேரம் முழங்கினேன். ரோட்டில் போன லாரிகள் நின்று கேட்டன. பெரியவர் கண் கலங்கி, “அப்ப எனக்கும் ஒண்ணு தைங்க” என்றார்.

கல்யாணத்தில் நடந்தது அதைவிட விசேஷம். சிலேட்டுப் போன் வரவில்லை அல்லவா? இருபத்தாறு பேரும் தங்கள் பித்தான் போனை அந்தப் பைக்குள் போட, அது தொப்புளுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. மணி அடிக்கும்போதெல்லாம் ஆள் ரெண்டாக மடங்கித்தான் எடுக்க வேண்டும். தாலி கட்டும் நேரம் வரிசையாக அழைப்பு. இருபத்தாறு பேரும் குனிய, காலில் விழுகிறார்கள் என்று நினைத்து மாப்பிள்ளை எல்லோருக்கும் அட்சதை போட்டு ஆசீர்வாதம் செய்துவிட்டார், தன் சொந்தத் தாய்மாமன் உட்பட. மறுநாளிலிருந்து உன் கடை வாசலில் வரிசை. திருச்சுழியிலிருந்து தனி பஸ் விட்டார்கள்.

இப்படித்தான் இத்தனை வருசமாக ஊரில் சொல்லிவருகிறேன். நீ பக்கத்தில் இருக்கும்போதே சொல்லியிருக்கிறேன். நூலைப் பல்லில் கடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாய்; ஒரு நாளும் மறுத்ததில்லை.

அதுதான் மச்சான் எனக்கு உறுத்தல். போனைச் சந்தேகப்பட்டாய், போன் விற்கிறவனைச் சந்தேகப்பட்டாய், கம்பெனிக்காரன் தும்மினால்கூட ஏன் தும்மினான் என்று கேட்டாய். ஆனால் அதற்குப் பிறகும் நான் மதுரையிலிருந்து இறங்கிய உடனே, “அடுத்து என்ன போனு மாப்ள வருது?” என்று டேப்பை எடுத்துக்கொண்டு வருவாய். என்னை நம்பித்தான் கேட்டாயா, இல்லை நானே உண்மையை வாய்விட்டுச் சொல்லட்டும் என்று கேட்டாயா? நீ இருக்கும்வரை கேட்கத் துணிச்சல் வரவில்லை. இனி எந்தப் போன் வந்து அதைச் சொல்லப்போகிறது? நெஞ்சில் குத்தினால் நான் பார்ப்பதையெல்லாம் பார்க்குமாம். பார்க்கட்டும், கவலையில்லை. அந்தப் பெரியவர் வந்த அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்று பார்த்துவிடுமோ என்றுதான் பயம். அதனால்தான் அந்தப் பெண்ணிடம் பேர் எழுதச் சொல்லவில்லை.

சொல்லிவிடுகிறேன். நான் எழவில்லை. சொற்பொழிவு கிடையாது, லாரி நிற்கவில்லை. காஜா மிஷினுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு நான் போகவேயில்லை. ஆசீர்வாதம், அட்சதையெல்லாம் நான் தைத்தது. வரிசையும் இல்லை. அவர்கள் சட்டையை வாங்கிக்கொண்டு போனார்கள், அப்புறம் அந்த ஊரிலிருந்து ஒருத்தரும் உன் கடைப் படி ஏறவில்லை. சட்டை இருபத்தாறா, பன்னிரண்டா என்பதுகூட இப்போது எனக்கு நிச்சயமில்லை.

அன்றைக்கு நடந்ததாக நான் சொல்லிவந்த கதையில் ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம்: அந்தப் பெரியவர் பைக்குள் கையை விட்டது. அடுத்து அவர் கேட்டதை மட்டும் நான் எந்த ஊரிலும் சொன்னதில்லை. “எவன் சொல்லி இப்பிடித் தச்சீக?” என்றார்.

நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “யாரும் சொல்லலண்ணே. அளவு எடுத்ததுல எந் தப்பு” என்றாய்.