ஆறாம் நிலையில் உன் கை

பிரியமுள்ள அம்மா,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு நம் வீட்டில் ஒரு முக்கிய முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. கூடத்து பிளக் பாயிண்ட் இனி மிக்சிக்கு இல்லை. அப்பாவின் கை இயந்திரத்துக்கு மட்டுமே. கூட்டத்தில் அப்பாவும் நானும் கலந்துகொண்டோம். எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. நீ இருந்தவரை சட்னியும் சிகிச்சையும் ஒரே பிளக்கில் நடந்தன.

இலஞ்சியில் சாரல் தொடங்கிவிட்டது. துணி காயவில்லை. குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். போய்ப் பார்க்க இங்கே யாருக்கும் தோன்றவில்லை. அங்கே உனக்குக் குளிருமா?

நீ போனபின் மூன்று வாரம் அப்பா அந்த இயந்திரத்தின் பக்கம் திரும்பவில்லை. பக்கவாதம் வந்த வலது கையை அதில் பொருத்தி, திரையில் விழும் பழங்களைக் கூடையில் பிடிக்க வேண்டும். கை தேறத் தேற ஆட்டம் அடுத்த நிலைக்கு ஏறும்; இயந்திரம் தன் உதவியைக் குறைத்துக்கொள்ளும். அன்றன்றைய விவரம் தென்காசியில் இருக்கும் பிசியோதெரபிஸ்ட் செல்வியின் போனுக்குப் போய்விடும். இதெல்லாம் உனக்குத் தெரியும். எனக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது.

ஒருவழியாகக் கெஞ்சி அப்பாவை உட்காரவைத்தேன். கை அசையவில்லை. செல்வி உடனே போன் செய்தாள்.

“அக்கா, அப்பா ஆறாம் நிலைக்கு வந்துட்டாங்கல்லா? இப்ப ஒண்ணுமே முடியலையே. மறுபடியும் ஸ்ட்ரோக் வந்திருக்குமோன்னு பயமா இருக்கு. ஸ்கேன் எடுத்திருங்க.”

ஆட்டோ பிடித்துத் தென்காசிக்கு ஓடினோம். ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இல்லை. டாக்டர் ஆச்சரியப்பட்டார். அப்பா ஆச்சரியப்படவில்லை. திரும்பும் வழியில் சொன்னார்: “ஏட்டி, ஆறாம் நிலை என் கை இல்லட்டி. உங்கம்மா கை.”

“என்னப்பா சொல்லுதீய?”

“எனக்கு முடியாத அன்னைக்கெல்லாம் அவ தன் கையை மிஷினுக்குள்ள விட்டு ஆடிருவா. ஒரு நாள் விட்டாலும் ஆஸ்பத்திரிக்காரங்க மிஷினைத் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு பயம். வளையலைக் கழட்டி என் இடது கையில குடுப்பா. ‘இதைப் பிடிச்சிக்கிட்டு சும்மா இருங்க’ன்னுருவா.”

இந்த மூன்று வாரமும் யாரும் அதைத் தூக்கிக்கொண்டு போகவில்லை அம்மா. நீ ஜெயிக்க ஜெயிக்க, அப்பாவின் கைக்குக் கிடைத்த உதவிதான் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆட்டோவில் அழுதுகொண்டிருந்ததால் முடியவில்லை.

மறுநாள் செல்வி வீட்டுக்கு வந்தாள். “பழைய பதிவை அழிச்சிட்டு முதல்ல இருந்து ஆரம்பிப்போம் அங்கிள்.”

அப்பா இடது கையால் திரையை மூடிக்கொண்டார். “அழிக்கப்பிடாது. அது அவ ஆடினது.”

“அழிக்கலைன்னா மிஷினு உங்களுக்கு உதவி செய்யாதே!”

“செய்யாட்டாப் போகுது. இந்தக் கை இப்படியே கிடக்கட்டும்.”

அவர் மெய்யாகவே சொன்னார். எனக்குப் பயம் வந்தது. இன்னொரு ஆள் பெயரைச் சேர்க்க முடியுமா என்று செல்வியிடம் கேட்டேன். முடிந்தது. பழைய பதிவுக்கு உன் பெயரை வைத்தோம். அப்பாவைப் புதிய நோயாளியாகச் சேர்த்தோம். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கும் வசதி அந்த இயந்திரத்தில் இல்லை.

உன் பதிவை யாரும் அழிக்காமல் பார்த்துக்கொள்வேன். அப்பா களைத்துப்போகும் நாளில் என் கையை வைக்க மாட்டேன். வைக்கத் தோன்றுகிறது என்பதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

இன்று காலை அப்பா தன் பெயரில் நான்கு நிமிடம் பயிற்சி செய்தார். கூடையில் ஒரு பழமும் விழவில்லை.

உன் ஒரே மகள்