நான் தேய்த்த கண்ணாடி

மார்ச் 12, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். மாடி அறை சுத்தம் செய்தது. அங்கே குடியிருக்கும் சுமதி (எம்.எஸ்ஸி. இயற்பியல், கடைசி வருடம்) கிணத்துக்கடவுக்கு, பெற்றோர் வீட்டுக்கு. என்னிடம் இன்னொரு சாவி. மேசையில் உள்ளங்கை அகலக் கண்ணாடித் தகடு, புகை படிந்ததுபோல் அழுக்கு. படிக்கிற பெண் இப்படியா வைப்பது? வெள்ளிப் பாத்திரப் பவுடர் போட்டுத் தேய்த்தேன். பளிச். திருப்தி.

கேஸ் சிலிண்டர் பதிய வேண்டும். செவ்வாய், கண் டாக்டர்.

மார்ச் 13, திங்கள்

சுமதி தகட்டோடு இறங்கி வந்தாள். முகம் வெளுத்து. "ஏனுங்கம்மா, என் ரூமுக்கு யாராச்சும் வந்தாங்களா?"

அழுக்கு இல்லையாம். ஹோலோகிராமாம். லேசர் பட்டால் கண்ணாடிக்குள் ஒரு சதுரங்கக் குதிரை நிஜம்போல் நிற்குமாம். நாலு மாத உழைப்பு. கல்லூரியில் வேறு தகடு இல்லை. வெள்ளியன்று நவீன ஒளியியல் ஆய்வுக் கூட்டம். இதைக் காட்டித்தான் மதிப்பெண்.

வீட்டு வேலைக்கு வரும் பொன்னிதான் கூட்டப் போனாள் என்றேன். யோசிக்கவேயில்லை.

பொன்னி பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "நான் மேல போகவே இல்லீங்களே" என்றாள், என்னையே பார்த்து. வேலையைப் பார் என்றேன்.

மார்ச் 15, புதன்

நேற்று டாக்டரிடம் போகவில்லை. சுமதி பொன்னியைக் கடந்து போகிறாள், பேசாமல். நான் படித்த கான்வென்ட்டில் பொய் சொன்னவர்களை முட்டி போட வைப்பார்கள். நான் ஒருநாளும் போட்டதில்லை. அதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 17, வெள்ளி

கூட்டத்துக்குச் சுமதி முன்பே அழைத்திருந்தாள். போகாமலிருக்கச் சாக்கில்லை. முதல் பையன், ஒளி ஒவ்வொரு துகளாக வருவது பற்றி. ஆங்கிலம் சுமார். அடுத்து சுமதி. நன்றாகவே விளக்கினாள். விளக்கை அணைத்தார்கள். சிவப்பு ஒளி. வெறும் கண்ணாடி.

பின்னால் ஒருவன்: "குதிரை மேயப் போயிருச்சுங்க." சிரிப்பு.

பேராசிரியர் காரணம் கேட்டார். "பத்திரமா வைக்காதது என் தப்புங்க சார்." பொன்னி பேரைக்கூட எடுக்கவில்லை.

காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்லிவிட்டேன், தேய்த்தது நான்தான் என்று. கோபிப்பாள் என நினைத்தேன். பஸ் போர்டுகளைப் பார்த்தபடி சொன்னாள்: "பொன்னியக்காகிட்ட நான் நாலு நாளாப் பேசலீங்க."

பொன்னியிடம் நாளை நானே சொல்ல வேண்டும்.

மார்ச் 18, சனி

ஆறு மணிக்குப் பொன்னி வந்தாள். காபி கொடுத்தேன். சொல்லவில்லை. குடித்து முடிக்கட்டும் என்றிருந்தேன். அதற்குள் சுமதி இறங்கி வந்துவிட்டாள்.

"அக்கா, உங்களைத் தப்பா நினைச்சுப்போட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"அட, உடு கண்ணு. அம்மா என்ன சொன்னாங்க?"

சுமதி சமையலறைப் பக்கம் திரும்பினாள். நான் வெளியே வராமல் உள்ளேயே நின்றேன்.