கால் கிலோ ஈயம்

பூரணாங்குப்பம்,
திங்கட்கிழமை.

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம். நீ வேளைக்குச் சாப்பிடு. பெங்களூர் கேம்பில் ஞாயிறு மட்டும்தான் போன் தருகிறார்கள், அப்போது உன் அப்பா என் பக்கத்திலேயே நிற்கிறார். இது அவர் காதில் விழக் கூடாது. அதனால்தான் கடிதம்.

போன வாரம் உன் பழைய கோச் தமிழ்க்குமரன் வீட்டுக்கு வந்தார். ஹர்டில்ஸ் தாண்டும்போது உன் கால் வெளியே வீசுகிறது, எங்கே போகிறது என்று காலுக்கே தெரியட்டும் என்று அப்பா மீன் வலையில் கட்டும் ஈயத்தைத் துணிப் பட்டையில் வைத்துத் தைத்துக் கொடுத்தாரே, அதைப் பார்த்து, "இன்னாடி, வலைய கால்ல கட்டிகினு வந்துக்கிற?" என்று எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சிரித்தவர். உன்னை டீமிலிருந்து எடுத்துவிட்டுத் தன் அண்ணன் மகள் ஓவியாவைச் சேர்த்தவர். நீ மூன்று நாள் சோறு தொடவில்லை. நான் மறக்கவில்லை.

இப்போது உன் வேகத்தைக் கேள்விப்பட்டு, அந்தப் பட்டை ஓவியாவுக்கு வேண்டும் என்று வந்து நின்றார். என் வயிறு குளிர்ந்தது. காபி போட்டுக் கொடுத்து, பட்டையையும் கொடுத்தேன்.

நீ குறைத்துக் கட்டிய நூறு கிராம் பட்டை இல்லை. ஈயம் கூடினால்தான் வலை இறங்கும் என்ற நினைப்பில் அப்பா முதலில் தைத்தாரே, ஒரு காலுக்குக் கால் கிலோ, அது. அதைக் கட்டித்தான் உனக்குக் கால் தூக்கும் நேரம் தப்பி முட்டி கிழிந்தது. தினமும் கட்டச் சொல்லுங்க சார் என்றும் சொல்லி அனுப்பினேன். அவர் வீட்டுப் பெண்ணும் எல்லார் முன்னாலும் விழட்டும் என்றுதான் கொடுத்தேன்.

நேற்று பாகூர் சந்தையில் மீன் விற்கும்போது ஓவியா வந்தாள். தாடையில் பிளாஸ்திரி. "அத்த, வெண்ணிலா எப்டிக்கிறா? எனக்கு இன்னும் பட்டை பழகல, பழகிடும்னு சித்தப்பா சொல்றாரு" என்றாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அந்த ஆள் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டேன். சங்கரா மீன் இரண்டு கூடுதலாகப் போட்டேன்.

அடுத்த மாதப் போட்டியில் அவளும் ஓடுகிறாளாம். அந்த ஆள் பார்க்க நீ ஜெயிக்க வேண்டும். மாரியம்மன் உன் கால்களுக்குத் துணையிருக்கட்டும்.

ஓவியாவின் நம்பரை வாங்கிப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஓடி முடித்த பிறகு கூப்பிட்டு, அந்தப் பட்டையைக் கட்ட வேண்டாம் என்று சொல். அதற்கு முன்னால் நீ கூப்பிட்டாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உன் அம்மா,
வைஜெயந்தி