டி.சி. வாங்கப் போனவனும் வயலில் இறங்கியவளும்

அக்கா,

நெய் வாசனையே இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நேற்று தெரிந்தவர் ஒருவர் லட்டுப் பெட்டியோடு வந்தார். என் மகள் வயிற்றுப் பேத்தி படிக்கும் கல்லூரி சரியில்லையாம். கோயம்புத்தூரில் தனக்கு வேண்டியவர்கள் நடத்தும் கல்லூரிக்கு மாற்றிவிடலாமாம், பாதிக் கட்டணம் போதுமாம். வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு லட்டு எடுத்துக்கொண்டார்கள். நான் தொடவில்லை. "இதுல உங்களுக்கு என்ன ஆதாயம்?" என்று வாய் வரை வந்துவிட்டது. அது உன் கேள்வி.

பால்காரர் ஊற்றும் பாலை முகர்ந்து பார்ப்பாய். கல்யாணப் பத்திரிகை வந்தால், "நம்மள எதுக்குக் கூப்பிடுறாங்க?" என்பாய். அப்பேர்ப்பட்ட உன்னிடம் போய், நாம் குத்தகைக்கு உழுத வயலின் சொந்தக்காரர், அந்தப் பெரிய மிராசுதார், என்னைச் சென்னைக் கல்லூரிக்கு மாற்றிவிடப் போகிறார் என்று குதித்துக்கொண்டு சொன்னேனே, என் புத்தியை என்ன சொல்ல!

அப்போது நான் கும்பகோணத்தில் பி.எஸ்சி. முதல் வருஷம். அப்பா போய் வருஷம் திரும்பவில்லை. அம்மா படுத்த படுக்கை. விடியற்காலையில் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, நன்னிலத்தில் போய் பஸ் பிடிப்பேன். "மெட்ராஸ்ல என் மச்சினர் இருக்கார். சீட்டு, ஹாஸ்டல் எல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க டி.சி. மட்டும் வாங்கிட்டு வாங்க தம்பி" என்றார் மிராசுதார்.

நீ முறத்தைக் கீழே வைத்தாய். "உன்னையா 'நீங்க'ன்னாரு? அப்பா சாவுக்கு எட்டிப் பாக்காத மனுஷன்டா அவரு! சோழியன் குடுமி சும்மா ஆடுமா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் முன்னுக்கு வருவது உனக்குப் பொறுக்கவில்லை என்றுகூடக் கத்தினேன். நீ என்னோடு மல்லுக்கு நிற்கவில்லை. சைக்கிளில் போன விவசாயச் சங்கத்துக்காரரை வழிமறித்து விசாரித்தாய். கழக ஆட்சியில் குத்தகைதாரர் பெயரைப் பதிந்துகொண்டிருந்த நேரம் அது. ஊருக்கு ஊர் கூலித் தகராறு, போலீஸ் வேன். குடும்பத்தில் ஒருவராவது வயலில் இறங்கி உழைத்தால்தான் குத்தகை உரிமை நிற்கும் என்று அவர் சொன்னார். நம் வீட்டில் அந்த ஆள் நான் ஒருவன்தான். நான் சென்னைக்குப் போய்விட்டால் மிராசுதார் வயலைத் திருப்பிக்கொள்ளலாம்.

"பாத்தியா?" என்றாய். சென்னை அவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிட்டேன். நீயோ, "ஏன்டா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு? ஆளுதான் மோசம், சீட்டு நல்ல சீட்டுதானே? போய் டி.சி. வாங்கு" என்றாய்.

அப்புறம் நடந்தது அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். குறுவை நடவின்போது மிராசுதாரின் காரியஸ்தர், ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்தையும் கூட்டிக்கொண்டு வந்து வரப்பில் நின்றாராம்.

"தம்பிதான் மெட்ராஸ் போயிடுச்சே, வயலை யாரும்மா பாக்குறா?"

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் நாற்றுமுடியோடு முழங்கால் சேற்றில் நின்ற நீ, "ஏன், கண்ணு தெரியலையா? ஆம்பளைதான் இறங்கணும்னு சட்டத்துல எழுதியிருக்கா? எங்க, காட்டுங்க பாப்போம்" என்றாயாம். நம் வீட்டுப் பெண்கள் அதுவரை நடவுக்கு இறங்கியதே இல்லை. கர்ணம் உன் பெயரைத்தான் எழுதிக்கொண்டு போனார்.

உனக்குப் பேசி வைத்திருந்த வலங்கைமான் சம்பந்தம் அதோடு நின்றது. சேற்றில் இறங்குகிற பெண் வேண்டாமாம். நான் பதறிக்கொண்டு ஓடிவந்தால், "விடுடா, அந்த மாப்பிள்ளை மேலயும் எனக்குச் சந்தேகந்தான்" என்று சிரித்தாய். பாவி, நானும் கூடச் சிரித்தேன். அதன் பிறகு உனக்கு ஒரு வரனும் அமையவில்லை.

எனக்குப் படிப்பு முடிந்தது, வடக்கே வேலை கிடைத்தது, குடும்பம் ஆனது. பொங்கலுக்கு வருவேன், மாட்டுப் பொங்கல் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிவிடுவேன். கடைசியாக உன்னைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"ஊர்ல ஒருத்தரையும் விடாமச் சந்தேகப்பட்டியே அக்கா, என் மேல மட்டும் ஏன் படல?"

"உன் மேலதான்டா மொதல்ல பட்டேன். போனா நீ திரும்ப மாட்டேன்னு அன்னிக்கே தெரியும்" என்றாய். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "தெரிஞ்சுதானே டி.சி. வாங்கச் சொன்னேன்" என்றாய்.

மிராசுதார் விஷயத்தில் நீ சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று. மாப்பிள்ளை விஷயம் யாருக்குத் தெரியும்? இந்த ஒன்றைப் பொய்யாக்குவது மட்டும் என் கையில் இருந்தது அக்கா.