ரங்கூனில் விட்ட தொழுகை

786
கோரிப்பாளையம், மதுரை
14-6-1941

தம்பி பீர் முகமதுவுக்கு அக்கா லத்தீபா சலாம் சொல்லி எழுதுவது.

அத்தா மவுத்தாகி இன்னையோட நாப்பது நாள் முடிஞ்சது. தந்தி கிடைச்சும் நீ வரலை. கப்பல் கிடைக்கலைன்னு எழுதியிருக்க. சரி, நம்பிக்கிறேன். நம்பாம என்ன செய்ய?

ஆனா ஒண்ணு. ரங்கூன் போன ஏழு வருஷத்துல நீ ஒரு வக்துகூடத் தொழுததில்லைன்னு அங்கருந்து வந்தவங்க அத்தா காதுல போட்டுட்டாங்க. கடைசி வரைக்கும் மனுஷன் அதையே சொல்லிச் சொல்லி அழுதாரு. நீ என்னடான்னா, பெருநாளைக்கு வாரேன், அத்தா கபருக்குப் போகணும்னு எழுதுற. எந்த மூஞ்சியோட போவ?

விட்ட தொழுகை அம்புட்டையும் களாவாத் தொழுது முடிச்சுட்டு வா. அதையும் எந்த ஊர்ல விட்டியோ அந்த ஊர்லயேதான் தொழுது முடிக்கணும்னு நம்ம பள்ளிவாசல் அசரத் சொல்றாரு. இங்க வந்து பாத்துக்கலாம்னு நினைக்காத.

கோவத்துலதான் எழுதுறேன், மறைக்கலை. வேளைக்குச் சாப்பிடு. உன் மச்சான் சலாம் சொல்லச் சொன்னாரு.

உன் அக்கா
லத்தீபா


786
ரங்கூன்
3-8-1941

என் பிரியமுள்ள அக்காவுக்கு, தம்பி பீர் முகமது. அலைக்கும் சலாம்.

உன் கடிதாசியைப் படிச்சு ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கலை. நீ திட்டுனதுக்காக இல்லை. நீ திட்டாம இருந்தாத்தான் நான் பயப்படணும். அத்தா அழுதாருன்னு எழுதியிருக்க பாரு, அதான் தாங்கலை.

கணக்குப் போட்டுப் பாத்தேன். ஏழு வருஷம், நாளைக்கு அஞ்சு வக்து. தலை சுத்துது. இப்ப ஒவ்வொரு வக்தோடயும் அஞ்சு களா சேத்துத் தொழுகிறேன். இப்படியே போனா அடுத்த வருஷக் கடைசிக்குள்ள முடிஞ்சிரும். முட்டி ரெண்டும் வீங்கிப் போச்சு. என்கூடத் தங்கியிருக்கிற திருவாதவூர் சோணை, துறைமுகத்துல மூட்டை தூக்குறவன், "ஏண்ணே, உங்க சாமி இம்புட்டுக் கறாரா?"ன்னு கேக்குறான். "சாமி இல்லடா, எங்க அக்கா"ன்னேன்.

கடை முதலாளி ஜப்பான்காரனைப் பத்தியே பேசிக்கிட்டிருக்காரு. ரோட்டோரமா ஆளு இறங்குற ஆழத்துக்குப் பள்ளம் தோண்டுறாங்க. எதுக்குன்னு கேட்டா, எதுக்கும் இருக்கட்டும்ங்கிறாங்க. நீ பயப்படாத. களா முடிச்ச மறுநாளே கப்பல் ஏறிருவேன்.

தம்பி
பீர் முகமது


786
கோரிப்பாளையம்
2-1-1942

தம்பிக்கு, அக்கா லத்தீபா. அல்லா உன்னைப் பத்திரமா வச்சிருக்கணும்.

ரங்கூன்ல குண்டு விழுந்துருச்சாம். ஹஜ்ஜுப் பெருநாள் அன்னைக்கு மச்சான் பேப்பரைச் சத்தமா வாசிச்சாரு. ஆக்குன சோறு ஆக்குனபடி கெடந்துச்சு. செத்தவங்க ஆயிரம்ங்கிறாங்க, ரெண்டாயிரம்ங்கிறாங்க. நீ எந்தத் தெருவுல இருக்கன்னுகூட எனக்குத் தெரியாதே!

கிடைக்கிற கப்பல்ல ஏறி வா. கப்பல் இல்லைன்னா ஆளுங்களோட சேந்து நடந்தாவது வா. களாவைப் பத்தி அசரத்கிட்ட மறுபடி கேட்டேன். இந்த மாதிரி ஆபத்துக்கு விலக்கு உண்டாம். மிச்சத்தை எந்த ஊர்ல வேணும்னாலும் தொழுகலாமாம். இங்க வந்து தொழு. உன்கூட நானும் எந்திரிச்சுத் தொழுகிறேன், போதுமா?

தந்தியும் குடுத்திருக்கேன். போய்ச் சேருமான்னு கேட்டா ஆபீசுல பதில் சொல்ல மாட்டேங்குறாங்க. புறப்பட்டுட்டேன்னு ஒரு வரி எழுதுப்பா.

அக்கா
லத்தீபா


786
ரங்கூன்
10-2-1942
(சோணை கைவசம்)

அக்கா,

தந்தி வரலை. கடிதாசி வந்துச்சு. படிச்சிட்டுச் சிரிச்சுட்டேன். ஜூன்ல ஒண்ணு சொன்ன அசரத், ஜனவரியில வேற சொல்லுவாரா? குண்டு விழுந்தா மார்க்கம் மாறிருமா? நீ பாசத்துல எழுதியிருக்க. உன்னை எனக்குத் தெரியாதா? சின்னதுல காய்ச்சல் வந்தா, கசக்கவே கசக்காதுன்னு சொல்லித்தான எனக்குக் கசாயம் ஊத்துவ.

முதலாளி குடும்பத்தோட போயிட்டாரு. கடையைப் பூட்டியாச்சு. தெருவுல நாய்தான் திரியுது. பள்ளிவாசல்ல பாங்கு சொல்ல ஆள் இல்லை, நானே சொல்லி நானே தொழுகிறேன். வேலை இல்லாததால இப்ப ஒரு நாளைக்கு இருபது நாள் தொழுகை கழியுது. இன்னும் ரெண்டரை வருஷம் பாக்கி. நாப்பத்தஞ்சு நாள் போதும்.

சோணை நாளைக்கு நடந்து கிளம்புறான். என் கையைப் புடிச்சு இழுக்கிறான். "மலையைத் தாண்டிட்டா ஊருண்ணே, வந்துருண்ணே"ன்னு அழுகுறான். போகத்தான் ஆசை. ஆனா அத்தா கபர் முன்னாடி நின்னு, முடிச்சுட்டேன்னு சொல்லணும்ல. சொல்ல முடியலைன்னா நான் வந்துதான் என்ன? அதான் இருந்துட்டேன்.

பயமா இருக்கான்னு கேப்ப. இருக்கு. பிளேன் வருதுன்னு சங்கு ஊதுறப்போ நெத்தி தரையில பட சுஜூதுல இருந்தா நான் எந்திரிக்கிறதில்லை. அம்புட்டுதான். ஏப்ரல்ல வாரேன்.

பீர் முகமது


786
கோரிப்பாளையம்
24-5-1942

தம்பி,

சோணை வந்து சேந்துட்டான். நடையும் படகும் ரயிலுமா வந்து, திருவாதவூர்ல எந்திரிக்க முடியாமக் கெடந்திருக்கான். நேத்துதான் உன் கடிதாசியை இடுப்புத் துணியில இருந்து எடுத்துக் குடுத்தான். சோறு போட்டேன். உருட்டுன சோத்தைக் கையில வச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தான். கூட வந்தவங்கள்ல பாதிப்பேர் வழியிலயே போயிட்டாங்களாம். இருந்தும் அவன் வந்துட்டானே. நீயும் வந்திருக்கலாமே.

இப்பச் சொல்றேன், கேளு. அசரத் அப்படிச் சொல்லவே இல்லை. ஜூன்ல நான் அவரைக் கேக்கவும் இல்லை. விட்ட ஊர்லயே தொழணும்ங்கிறது என் வாயில வந்த பேச்சு. அத்தாவைத் தூக்குறப்போ நீ இல்லையேங்கிற ஆத்திரம். கொஞ்ச நாள் உன்னை அங்கயே நிறுத்தி வைக்கணும்னு நினைச்சேன்.

ஜனவரியில போய்க் கேட்டது நெசம். "பூமி பூராவும் தொழுகிற இடம்தானம்மா, இது யாரு போட்ட சட்டம்?"னு கேட்டாரு. அதை அப்படியே எழுதியிருந்தா நீ நம்பியிருப்ப. எழுத வெக்கமா இருந்துச்சு. விலக்குன்னு மழுப்பிட்டேன். நான் பொய் சொன்னேன்னு ஒரு வரி எழுத எனக்குக் கை வரலை தம்பி. பாவி நான், எனக்குக் கை வரலை.

மவுத்தானவங்க விட்ட தொழுகைக்கு, வக்துக்கு இம்புட்டுன்னு அரிசி அளந்து ஏழைபாழைக்குக் குடுப்பாங்கல்ல. உன் பேருக்கு ரெண்டரை வருஷத்துக்கு அளந்துரலாமான்னு மச்சான் கேட்டாரு. அவர் கையில இருந்த படியைப் புடுங்கி வச்சுட்டேன். உசுரோட இருக்கிறவனுக்கு அது கூடாது. அசரத்கிட்டயே கேட்டேன். கூடாதுன்னுதான் சொன்னாரு. ஆனா சொல்றப்போ தரையைப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போயிருச்சு, அங்க தபால் எடுக்க மாட்டோம்னு போஸ்டாபீசுல சொல்லிட்டாங்க. நாளைக்குக் கொண்டுபோவேன். எடுக்கலைன்னா மறுநாளும் போவேன்.

தொழுதது போதும் தம்பி. பாதியில நின்னாலும் பரவாயில்லை, சலாம் குடுத்து முடிச்சுட்டு எந்திரி. வீட்டுக்கு வா.

லத்தீபா