மருத்துவருக்கு மகள் இல்லை

மார்ச் 3, செவ்வாய்

பதினான்காம் அத்தியாயம் இன்றும் நகரவில்லை. கேப்டன் கதவைத் திறந்து மருத்துவரின் அறைக்குள் போகிறார். போய்? நான்கு நாளாக வாசலிலேயே நிற்கிறார். பாவம், கால் வலிக்கும்.

தொலைக்காட்சியில் ஓடும் ஒரு விண்கப்பல் தொடரை ஒட்டி நாவல் எழுதுவது என் பிழைப்பு. இது பன்னிரண்டாவது. கப்பலும் என்னுடையதில்லை, அதில் இருப்பவர்களும் என்னுடையவர்களில்லை. வாடகை வீடு மாதிரி, ஆணி அடிக்கக் கூடாது. இருநூறு பக்கத்துக்கு ஒரு கதைக் கையேடு கொடுத்திருக்கிறார்கள். யாரும் சாகக் கூடாது. யாருக்கும் கல்யாணம் ஆகக் கூடாது. கேப்டன் அழக் கூடாது. முதல் பக்கத்தில் யார் எங்கே இருந்தார்களோ கடைசிப் பக்கத்தில் அங்கேயே வந்து நிற்க வேண்டும்.

இதையெல்லாம் கண்காணிக்கத் தொடரின் உரிமை அலுவலகத்தில் ஒரு சரிபார்ப்பாளர் இருக்கிறார். பன்னிரண்டு வருஷப் பழக்கம், ஆனால் குரலைக் கேட்டதில்லை. ஓரக் குறிப்பு மட்டும்தான். அதிலும் இரண்டே சொல்: ‘சரிபார்க்கவும்’, ‘நீக்கவும்’. வீட்டில் அவருக்குப் பெயரே நீக்கவும் என்று ஆகிவிட்டது. சாப்பிடும்போது இவர் கேட்பார், “என்ன சொல்றாரு உன் நீக்கவும்?”

வரும் 13ஆம் தேதி அனுப்பியாக வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

காய்ச்சல். கேப்டன் இன்னும் வாசலில்.

மார்ச் 8, ஞாயிறு

துண்டு போட்டுவிட்டேன்.

வேறு வழியில்லை. எழுத்து எங்காவது அடைத்துக்கொண்டால் நான் செய்வது இதுதான். என் சொந்த நாவலிலிருந்து ஒரு பகுதியை எடுத்து அந்த இடத்தில் வைத்து, ஆட்களை மட்டும் மாற்றி, சிவப்பு எழுத்தாக்கிவிட்டு மேலே போவேன். பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுகிற மாதிரி. பிறகு வந்து துண்டை எடுத்துவிட்டு உண்மையான அத்தியாயத்தை உட்கார வைப்பேன். இதற்கு முன் பல புத்தகத்திலும் இப்படித்தான் நடந்திருக்கிறது, ஒரு தடவையும் துண்டு உள்ளே தங்கியதில்லை.

ஆனால் இன்று எடுத்தது கடித அத்தியாயம். கொஞ்சம் கை கூசியது.

சொந்த நாவல் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன், ஒன்பது வருஷமாக முடிக்காமல் வைத்திருக்கிறேன். மகள் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன மாதம் ஆரம்பித்தது. வறண்ட ஒரு கிரகத்தில் தண்ணீர்ப் பம்ப் பழுது பார்க்கும் ஒருத்தி. ஆறு வயது மகளைப் பிழைக்கட்டும் என்று தொலைதூரக் கிரகம் ஒன்றுக்கு அனுப்பிவிட்டாள். அங்கே ஒரு கடிதம் போய்ச்சேரப் பதினோரு வருஷம். கேள்வி வந்து பதில் போவதற்குள் வாழ்க்கையே முடிந்துவிடும். அதனால் அவள் கேள்விக்குக் காத்திருப்பதில்லை, பதிலை முன்னாலேயே எழுதுகிறாள். “இதைப் படிக்கும்போது உனக்கு என்மேல் கோபமாக இருக்கும். நியாயம்தான். கோபத்தோடே படி, ஆனால் படித்து முடி.” அந்த அத்தியாயம்தான் நாவல். மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய சுவர்.

பம்ப்காரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கப்பல் மருத்துவரை நிறுத்தினேன். கையேட்டில் அவருக்குக் குழந்தை இல்லை. துண்டுதானே, இருந்தால் என்ன? கேப்டன் ஒருவழியாக உள்ளே வந்து உட்கார்ந்தார்.

மார்ச் 13, வெள்ளி

அனுப்பியாயிற்று. 101 டிகிரி. படுக்கப் போகிறேன்.

மார்ச் 16, திங்கள்

எடுக்கவில்லை. துண்டை எடுக்கவில்லை.

அனுப்புமுன் இரண்டு வேலை உண்டு. முதலில் சிவப்பை எல்லாம் நீக்கி, மாற்று அத்தியாயத்தை வைக்க வேண்டும். அப்புறம் முழுவதையும் ஒரே கறுப்பாக்க வேண்டும். காய்ச்சலில் முதல் வேலையை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் செய்திருக்கிறேன். இன்று காலையில் கோப்பைத் திறந்தால் பதினான்காம் அத்தியாயத்தில் என் பம்ப்காரி, மருத்துவரின் கோட்டைப் போட்டுக்கொண்டு, சமர்த்தாகக் கறுப்பு எழுத்தில்.

உடனே பதிப்பாசிரியருக்குப் போன் போட்டேன். என்னைவிட இருபது வயது சின்னவள், கெட்டிக்காரி. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். “மேடம், நானே கூப்பிடணும்னு இருந்தேன். பதினாலாவது சேப்டர்... நான் ஆபீஸ்ல உக்காந்து அழுதுட்டேன். வெள்ளிக்கிழமையே உரிமை ஆபீசுக்கு அனுப்பிட்டேன். அவங்க ஒப்புதல் தந்துட்டா நேரா அச்சுக்குப் போயிடலாம்.”

சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. நான் சொன்னது என்ன தெரியுமா? “ரொம்ப சந்தோஷம்மா.”

பதினோரு புத்தகத்தில் ஒருவரும் என்னால் அழுததில்லை. பாராட்டு இனித்தது. அவ்வளவு மலிவாக இருக்கிறேன் நான்.

மார்ச் 17, செவ்வாய்

ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். உரிமை அலுவலகம் ஒப்புதல் தந்த கையெழுத்துப் பிரதியில் உள்ள ஒவ்வொரு சொல்லும், பாத்திரமும், கருத்தும் அவர்களுக்கே சொந்தம், “பிரபஞ்சம் முழுவதும், இனி கண்டுபிடிக்கப்படும் ஊடகங்கள் உட்பட.” பம்ப்காரிக்கு ஒளிந்துகொள்ள ஒரு கிரகம்கூட மிச்சம் வைக்கவில்லை. அதற்கு மேல் இன்னொரு வரி: எழுதியது எல்லாம் இந்தப் புத்தகத்துக்கென்றே புதிதாக எழுதியதென்று நான் உறுதியளிக்கிறேனாம். கையெழுத்தும் போட்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் ஒப்பந்தத்தை மீறியவள் ஆவேன். சொல்லாவிட்டால் ஒன்பது வருஷம் போய்விடும்.

இவரிடம் சொன்னேன். லிஃப்ட் மெக்கானிக், முழங்கை வரை கிரீஸோடு வந்து நின்று கேட்டார்.

“வேற ஒண்ணு எழுதிக்கயேன்.”

“ஒம்பது வருஷங்க.”

கை கழுவப் போய்விட்டார்.

மார்ச் 20, வெள்ளி

உரிமை அலுவலகக் குறிப்புகள் வந்தன. முப்பத்தெட்டு. பதினான்காம் அத்தியாயத்தின் ஓரத்தில்: “மூன்றாம் சீசன், ஒன்பதாம் எபிசோடில் மருத்துவர் தமக்குப் பிள்ளைகள் இல்லை என்கிறார். சரிபார்க்கவும்.”

நீக்கவும் ஐயா, நீங்கள் நூறு வயசு இருக்க வேண்டும். இத்தனை வருஷம் உங்களைத் திட்டியதெல்லாம் வாபஸ்.

ஆனால் ‘சரிபார்க்கவும்’தான், ‘நீக்கவும்’ இல்லை. ஏன்? கத்தியை எடுத்தவர் ஏன் வெட்டவில்லை?

மார்ச் 24, செவ்வாய்

பதிப்பாசிரியர் எனக்காகச் சண்டை போடுகிறாளாம். “விடமாட்டேன் மேடம். தத்து எடுத்த பொண்ணுன்னு வெச்சுக்கலாம்னு எழுதியிருக்கேன். அந்த மனுஷனும் இந்தத் தடவ கொஞ்சம் எறங்கி வர்றாரு. வெள்ளிக்கிழம முடிவு சொல்றேன்னாரு.”

என்னை அழிக்க வந்தவள் என் பக்கம் நிற்கிறாள், காப்பாற்ற வேண்டியவர் இறங்கி வருகிறார். நானே எழுதியிருந்தால் நம்பும்படி இல்லை என்று நீக்கியிருப்பேன்.

மார்ச் 26, வியாழன்

தூக்கம் இல்லை, எழுத்தும் இல்லை. பகலெல்லாம் துணி மடிக்கிறேன், பிரித்து மறுபடி மடிக்கிறேன்.

இவர் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். “லிஃப்ட் நடுவுல நின்னுட்டா உள்ள இருக்கறவங்க எல்லா பட்டனையும் அமுத்துவாங்க. அப்ப வேல செய்யறது ஒண்ணே ஒண்ணுதான், மணி பட்டன். அத அமுத்தி, மாட்டிக்கிட்டேன்னு சொல்லணும். அத மட்டும் கடைசியிலதான் அமுத்துவாங்க.” போய்விட்டார். போன வாரப் பேச்சுக்கு இதுதான் சமாதானம் போல.

யாரிடம் சொல்வது? பதிப்பாசிரியரிடம் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

மார்ச் 27, வெள்ளி

காலை பத்து மணிக்கு உரிமை அலுவலகத்துக்குப் போன் செய்து சரிபார்ப்பாளரைக் கேட்டேன். நான்கு பேர் கைமாறி வந்தார். எதிர்பார்த்ததைவிட மெலிந்த குரல், ஜலதோஷம் பிடித்த குரல்.

யார் என்று சொன்னேன். நல்ல வக்கீல் மாதிரி என் அத்தியாயத்துக்கு எதிராகவே வாதாட ஆரம்பித்தேன். மூன்றாம் சீசன் என்றேன், கையேட்டில் நாற்பத்தொன்றாம் பக்கம் என்றேன், தத்து எடுத்ததாகவும் வைக்க முடியாது, ஐந்தாம் சீசனில் இடிக்கும் என்றேன். அவர் குறுக்கே பேசவே இல்லை. நான் மூச்சு வாங்கியபோது சொன்னார்.

“தெரியும்மா. ஐந்தாவது சீசனும் தெரியும். ஆனாலும் விட்டுடலாம்னுதான் இருந்தேன். மூணு தடவ படிச்சேன். இத்தன வருஷத்துல ஒண்ணயாவது நல்லதா விட்டுட்டுப் போகலாமேன்னு.”

நான் போன் செய்தது ஒரு விதிப் புத்தகத்தோடு பேச. அங்கே ஒரு வாசகர் உட்கார்ந்திருக்கிறார்.

“உங்க எழுத்து எங்க மூச்சு வாங்கும்னு எனக்குத் தெரியும்,” என்றார். “இதுல எங்கயும் வாங்கல. நம்ம கப்பலுக்காக எழுதினது இல்லன்னு அப்பவே பட்டுது. எங்கேர்ந்து வந்துது?”

“என்னோட புக்லேர்ந்து. இன்னும் முடிக்கல.”

“எத்தன வருஷமா?”

“ஒம்பது.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சினார். காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“அப்ப மருத்துவருக்கு மகள் இல்ல,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன், வீட்டில் யாருமில்லை.

மார்ச் 28, சனி

பதிப்பாசிரியர் அவருடைய குறிப்பை அனுப்பி வைத்தாள்: “அத்தியாயம் 14. மருத்துவருக்கு மகள் இல்லை. முழுவதும் நீக்கவும்.” கீழே அவள் எழுதியது: “ஸாரி மேடம். புதுசா ஒண்ணு வியாழனுக்குள்ள வேணும்.”

ஏப்ரல் 2, வியாழன்

அனுப்பினேன். கேப்டனும் மருத்துவரும் ஒரு பழுதான லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லாப் பட்டன்களையும் அழுத்துகிறார்கள். சுமாராக இருக்கிறது, விதி எதையும் மீறவில்லை. முதுகு விட்டுப்போகிறது.

ஏப்ரல் 6, திங்கள்

பதிப்பாசிரியர் போன் செய்தாள். அந்த மனுஷனுக்கு இரக்கமே கிடையாதாம். மேலதிகாரிக்கே புகார் எழுதப் போகிறாளாம். “ஒரு நல்ல சேப்டர கொன்னுட்டாரு மேடம். நான் சும்மா விடமாட்டேன்.”

விட்டிருந்தால் என் பெயர் வெளியே வந்திருக்காது. ஆனால் அந்த ஜலதோஷக் குரல் காதில் நின்றது. என் பழியை அவர் ஏன் சுமக்க வேண்டும்? சொல்லிவிட்டேன். துண்டு, காய்ச்சல், ஒன்பது வருஷம், அவரோடு பேசியது, எல்லாவற்றையும்.

“நான் உங்களுக்காக நின்னேன் மேடம். அன்னிக்கே என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்,” என்றாள்.

சொல்லியிருக்கலாம். அவள் புகார் எழுத மாட்டாள். பதின்மூன்றாவது புத்தகத்துக்கு என்னைக் கூப்பிடவும் மாட்டாள்.

மே 11, திங்கள்

பதின்மூன்றாவது வேறொருவருக்குப் போய்விட்டது. மின்னஞ்சல் மரியாதையாகத்தான் இருந்தது.

இவரிடம் காட்டினேன். “சரி. கொஞ்ச நாள் என் சம்பளத்துல ஓட்டலாம். நீ அந்தப் பம்ப்ப சரி பண்ணு,” என்றார். இத்தனை நாள் என் கதையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 9, செவ்வாய்

நான்கு பக்கம். இரண்டு தேறும்.

ஜூலை 30, வியாழன்

காலையில் எழுந்தால் திட்ட யாருமில்லை. கேப்டன் இந்தக் காட்சியில் உட்காரலாமா கூடாதா என்று கேட்கவும் ஆளில்லை. ஆணி அடித்தால் அடித்ததுதான். இவ்வளவு பயமாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் முடிக்காமல் இருந்ததற்கு நேரமில்லை என்பது மட்டும் காரணமில்லை போலிருக்கிறது.

மகள் போனில் கேட்டாள், “சாப்டியாம்மா, என்ன பண்றே?” எழுதுகிறேன் என்றேன். “கப்பலா?” இல்லை, உனக்கு ஒரு கடிதம் என்று சொல்ல வந்து, கதை என்று சொல்லி வைத்தேன்.

அக்டோபர் 14, புதன்

முடிந்தது. முந்நூற்றுப் பத்துப் பக்கம். சந்தோஷம் என்று சொல்ல முடியவில்லை. வீடு மாறி, கடைசிச் சாமானையும் இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாற்போல் இருக்கிறது.

முதலில் யார் படிப்பது? இவர் பத்துப் பக்கத்தில் தூங்கிவிடுவார். பிரதி எடுத்து உறையில் போட்டு, உரிமை அலுவலகம், சரிபார்ப்பாளர் என்று முகவரி எழுதினேன். உள்ளே ஒரு சீட்டு: “இதற்குக் கையேடு கிடையாது. இருந்தாலும் தப்பு இருந்தால் சொல்லுங்கள்.”

நவம்பர் 6, வெள்ளி

பதில் இல்லை. அனுப்பியது அசட்டுத்தனம்.

நவம்பர் 20, வெள்ளி

பார்சல் வந்திருக்கிறது. கடிதம் எதுவும் இல்லை. பக்கங்கள் மட்டும், ஓரமெல்லாம் பென்சில்.

எண்பத்தெட்டாம் பக்கத்தில் பம்புக்கு இரண்டு வால்வு, நூற்று முப்பதில் மூன்று. சரிபார்க்கவும். நூற்று அறுபதில் நான் ரொம்ப ரசித்து எழுதிய சூரிய அஸ்தமனம் ஒரு பத்தி. நீக்கவும். இருநூற்றுப் பன்னிரண்டில்: “நாற்பதாம் பக்கத்தில் மகளுக்கு ஆறு வயது. கடிதம் சேரப் பதினோரு வருஷம். இங்கே பதினாறு என்கிறீர்கள். சரிபார்க்கவும்.” பதினேழுதான். ஒன்பது வருஷமாக என் கண்ணில் படவில்லை. அஸ்தமனமும் அதிகப்படிதான், எடுத்துவிட்டேன்.

கடித அத்தியாயத்துக்கு மட்டும் போகாமல் மற்றதையெல்லாம் திருத்தினேன். மத்தியானம் ஆகிவிட்டது. இவர் சாப்பிட வந்தார், மேசையில் பரப்பியிருந்த பக்கங்களைப் பார்த்தார்.

“என்ன சொல்றாரு நீக்கவும்?”

அப்போதுதான் அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். அவரும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். முதல் வரிக்குப் பக்கத்திலிருந்து அத்தியாயம் முடியும்வரை ஓரத்தில் நீளமாக ஒரு கோடு. அதன் அடியில், சின்ன எழுத்தில், ஒரே சொல்.

இருக்கட்டும்.