ஆற்றங்கரையில் தர்ஷினி சொன்னது

கல்யாணமான நாளிலிருந்து என்னை ‘ஏங்க’ என்று மட்டுமே கூப்பிட்ட என் புஷ்பாவுக்கு,

நீ போய் ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிவிட்டன. வருஷத் திதியன்று உன் படத்துக்கு முன்னால் நின்று ஏதாவது பேச வேண்டும் என்றுதான் நினைத்தேன். வீடு நிறைய ஆட்கள். வாய் வரவில்லை. எனக்குப் பேசத் தெரியாது என்று நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்! அதனால்தான் எழுதுகிறேன். உன்னைப் போல ஒருத்தியைப் பறிகொடுத்த வேறு யாராவது இதைப் படித்தாலும் படிக்கட்டும்.

நம் மகள் தர்ஷினி நாலாம் ஆண்டுக்குப் போய்விட்டாள். என் நெஞ்சுவரை வளர்ந்துவிட்டாள். கால் வளர வளர, பள்ளிச் சப்பாத்து ஒரே வருஷத்தில் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. எனக்குத் துணி காயப்போடத் தெரியவில்லையாம். சட்டையைத் தோள்பட்டையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் கோணிக்கொள்ளுமாம். உன் குரலிலேயே சொல்கிறாள். சில நாள் நான் அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

ஆனால் இத்தனை மாதத்தில் எங்கேயாவது போகலாம் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை அவள்.

நீ இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் இரண்டு பேரும் வீட்டில் இருந்ததுண்டா? வாரம் முழுக்கப் பாலர் பள்ளியில் பிள்ளைகளோடு கத்திவிட்டு, ஞாயிறன்றாவது படுத்துக் கிடப்பாய் என்று பார்த்தால், விடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவாய். பின்னால் தர்ஷினி. பையில் மாற்று உடுப்பும் மீன் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் சல்லடையும். ஜெலாப்பாங்கில் நம் வீட்டிலிருந்து சுங்கை சிப்புட், அங்கிருந்து நீ பிறந்த தோட்டம். ‘பால்மரத்த எல்லாம் வெட்டிச் செம்பனை வச்சிட்டாங்க, லயத்து வீடுகளையும் இடிச்சிட்டாங்க, அங்க போய் என்னத்தப் பாக்கற?’ என்று கேட்டால், ‘ஆறு இருக்குல்ல’ என்பாய்.

‘ஒரு வாரம் நீங்களும் வாங்களேன்.’

‘அடுத்த வாரம் வாரேன்.’

ஞாயிறு என்றால் எனக்குத் தொழிற்சாலையில் ஓவர்டைம். கையுறை செய்யும் மெஷின்கள் ஞாயிறும் ஓடும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லியே ஐந்து வருஷம் ஓட்டிவிட்டேன். ஒருமுறைகூட வரவில்லை. நீ ஒருமுறைகூடச் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம் நீ.

இரண்டு மாதத்துக்கு முன்னால் தர்ஷினியின் வகுப்பு ஆசிரியை போன் செய்தார். “அண்ணே, ‘குடும்பத்தோடு நான் சென்ற இடம்’னு கட்டுரை எழுதச் சொன்னேன். தர்ஷினி ஒரு வரிகூட எழுதல. வெறும் தாளக் குடுத்துட்டுப் போய் உக்காந்துட்டா. திட்டல நான். உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு.”

பிள்ளையை நான் எங்கேயும் கூட்டிப் போகாததால்தான் எழுத ஒன்றுமில்லை என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் புரிந்தது, புஷ்பா. சூப்பர்வைசரிடம் போய் இனிமேல் ஞாயிறு வர முடியாது என்று சொன்னேன். இத்தனை வருஷமாக என் வாயில் வராத வார்த்தை. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவு சுலபமா அது?

அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன். “ஞாயித்துக்கிழமை அம்மா கூட்டிட்டுப் போன ஆத்துக்குப் போலாமா?”

புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே, “வேணாம்பா” என்றாள்.

“ஏன்ம்மா?”

“வேற எங்கயாச்சும் போலாம். இல்லன்னா வீட்லயே இருக்கலாம்.”

உன் நினைப்பு வரும் என்று பயப்படுகிறாள், ஒருமுறை போய் வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வற்புறுத்தித்தான் கூட்டிப்போனேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும்.

போகிற வழியில் நீங்கள் வழக்கமாக நிறுத்தும் நானாவின் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினேன். தேங்காய்ப்பால் சோறுதானே உங்களுக்குப் பிடிக்கும், நான் நாசி லெமாக் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அவர் தர்ஷினியைப் பார்த்துவிட்டார். “வாம்மா, ரொம்ப நாளாச்சே! சம்பல் தனியா, முட்ட ரெண்டு, அதானே?” என்று கட்ட ஆரம்பித்துவிட்டார். அவள் தலையாட்டினாள். என் மகள் மிளகாய்ச் சம்பலைத் தனியாக வைத்துச் சாப்பிடுவாள் என்று எனக்குத் தெரியாது. கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. பொட்டலத்தைக் கொடுக்கும்போது, “அம்மா வரலயா?” என்று கேட்டார். நான் சொன்னேன். மனிதர் கையைத் துடைத்துக்கொண்டே நின்றுவிட்டார். காசை வாங்கவே மாட்டேன் என்றார்.

செம்பனைக்குள் மண்சாலை இரண்டு மூன்றாகப் பிரிகிற இடத்தில் எனக்கு வழி தெரியவில்லை. தர்ஷினி பின்னாலிருந்து என் தோளைத் தட்டினாள். இடது என்றால் இடது தோள், வலது என்றால் வலது தோள். தோட்டத்துக் கோயிலைத் தாண்டி ஆற்றங்கரைக்கு வந்தோம்.

நல்ல இடம், புஷ்பா. நீ சொன்னதைவிட நன்றாக இருந்தது. தெளிவான தண்ணீர், வெள்ளை மணல், எதிர்க்கரையில் மூங்கில். இரண்டு மலாய்க்காரப் பிள்ளைகள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தர்ஷினி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மோட்டார் பக்கத்திலேயே நின்றாள்.

“தண்ணில எறங்கலயா?”

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

“இவ்ளோ தூரம் வந்துட்டு எதுக்கு இப்படி மூஞ்சத் தூக்கி வச்சிருக்க? உனக்காகத்தானே ஓவர்டைம விட்டுட்டு வந்தேன்?” என்று கத்திவிட்டேன். தூண்டில் போட்ட பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

கோபத்தோடு கோபமாக நானே சல்லடையை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று ஒரு நினைப்பு. மீன் எதுவும் சிக்கவில்லை. பாசியில் வழுக்கி இடுப்புவரை நனைந்ததுதான் மிச்சம். திரும்பக் கரையேறும்போது மூச்சு வாங்கியது. மேட்டில் ஒரு பழைய மரக்கட்டை கிடந்தது. அதில் உட்கார்ந்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, இரைக்க இரைக்க மூச்சு விட்டேன்.

அப்போதுதான் அவள் அலறினாள்.

அப்படி ஒரு சத்தத்தை உன் காரியத்தன்றுகூட நான் அவளிடம் கேட்டதில்லை. ஓடி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அங்க உக்காராதீங்க! எந்திரிங்கப்பா! எந்திரிங்க!”

“ஒண்ணுமில்லம்மா, மூச்சு வாங்குது, அவ்ளோதான்.”

“அம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க!”

பிறகு எல்லாம் வந்துவிட்டது. நிற்காமல் வந்தது. நீ அதே கட்டையில் உட்கார்ந்தாயாம். உதடு நீலமாகிவிட்டதாம். கொஞ்ச நேரம் உனக்குப் பேச்சே வரவில்லையாம். அவள் தன் தொப்பியால் உனக்கு விசிறிவிட்டாளாம். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் சரியான பிறகு நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயாம்: “அப்பாகிட்டச் சொல்லாத பாப்பா. சொன்னா நம்மள இங்க விடமாட்டாரு.”

“நான் சத்தியம் பண்ணிட்டேன்ப்பா. அதான் சொல்லல.”

நீ பாலர் பள்ளியில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து, கண் திறக்காமலே போனாயே, அன்று டாக்டர் என்னிடம் பேசினார். இதயத்து வால்வு ரொம்ப நாளாகவே பழுதாக இருந்திருக்கிறது, முன்கூட்டியே கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார். தர்ஷினி என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கு என்ன புரியப்போகிறது என்று நான் இருந்துவிட்டேன். ‘முன்கூட்டியே’ என்ற சொல் அவளுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது.

“நான் சொல்லியிருந்தா அம்மா இருந்திருப்பாங்கல்ல?”

பத்து வயதுப் பிள்ளை, புஷ்பா. ஒரு வருஷத்துக்கும் மேலாக இதைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், கணக்குப் போட்டிருக்கிறாள், என் சட்டைக்குக் கிளிப் போட்டிருக்கிறாள். நான் பக்கத்து அறையில் படுத்திருந்திருக்கிறேன்.

இல்லவே இல்லை, உன்னால் ஒன்றும் ஆகவில்லை என்று உடனே சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சும்மா ஆறுதல் சொன்னால் கண்டுபிடித்துவிடும் பார்வை. ஆகவே, நான் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

“நம்ம ஃப்ளாட் படி ஞாபகம் இருக்கா? ரெண்டாவது மாடியில அம்மா எப்பவும் நிப்பாங்கல்ல? கம்பியப் புடிச்சுக்கிட்டு?”

“ம்.”

“நான் பாத்திருக்கேன். நெறய தடவ பாத்திருக்கேன். பைய வாங்கிக்கிட்டு முன்னால ஏறிப் போயிடுவேன். ஒரு தடவ, ‘என்னா, அதுக்குள்ள கெழவி ஆயிட்டியா?’ன்னு கிண்டல் பண்ணேன். அம்மாவும் சிரிச்சாங்க. நான் பெரிய ஆளு தர்ஷி. எனக்கே கேக்கத் தோணல. டாக்டர்கிட்டப் போலாம் வான்னு கையப் புடிச்சு இழுத்துட்டுப் போகல. உன் மேல எப்படிம்மா தப்பு வரும்?”

அவள் கேட்டாள்: “அப்போ உங்க மேலயா தப்பு?”

“ஆமாம்மா. கொஞ்சம் என் மேல. சின்னப் புள்ளகிட்டச் சத்தியம் வாங்குனதால கொஞ்சம் அம்மா மேல. உன் மேல இல்ல.”

“அம்மாவச் சொல்லாதீங்க!” என்று என் நெஞ்சில் அடித்தாள். இரண்டு கையாலும் அடித்தாள். நான் தடுக்கவில்லை. கை ஓய்ந்ததும் அப்படியே என் மேல் சாய்ந்து அழுதாள். ஹெல்மெட் என் தாடையில் இடித்தது. அதைக் கழற்றிவிட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நானும் அழுதுகொண்டிருந்தேன். நீ போனதிலிருந்து நான் அழுவதை அவள் பார்த்தது அன்றுதான்.

அன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதி சாப்பிட்டோம். அவள் தண்ணீரில் கால்கூட வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள் பள்ளிவிட்டு வந்தவள், “நீங்க கிளினிக்குக்குப் போகணும்” என்றாள். கூடவே வந்து, நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்க்கும்போது கண் கொட்டாமல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பிரஷர் இருக்கிறதாம். மாத்திரையைக் காலையில் அவள்தான் எடுத்துத் தருகிறாள். நான் விழுங்கும்வரை நகரமாட்டாள்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இந்தப் பாரத்தை ஏன் அவளிடம் கொடுத்தாய், புஷ்பா? எனக்கு வலிக்கிறது என்று என்னிடம் சொல்ல உனக்கு ஒரு நிமிஷம் கிடைக்கவில்லையா? இதைக் கேட்டுக் கேட்டு எத்தனையோ நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். செத்துப்போன பெண்டாட்டி மேல் கோபப்படுகிறவனை என்னவென்று சொல்வது?

பிறகு யோசித்துப் பார்த்தேன். நீ சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ‘அந்த ஆத்துக்குப் போறத மொதல்ல நிறுத்து’ என்றுதான் சொல்லியிருப்பேன். உனக்கு அது தெரியும். வாரத்தில் உனக்கென்று இருந்தது அந்த ஒரு காலைப்பொழுதுதான். அதையும் பிடுங்கிவிடுவான் என்று பயந்திருக்கிறாய். என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாய். உன் வால்வு பழுதானதைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ரொம்ப நாள் இருக்கமாட்டாய் என்று உனக்குத் தெரிந்தே இருந்ததா? அதனால்தான் விடாமல் அவளைக் கூட்டிப் போனாயா? இதற்கு யார் எனக்குப் பதில் சொல்வார்கள்?

போன ஞாயிறு சிம்பாங் பூலாய்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் மலையடிவாரம்வரை நடந்தோம். அவள்தான் இடத்தைச் சொன்னாள். ஏற்றத்தில் நான் பின்தங்கினால் நின்று, “மூச்சு வாங்குதாப்பா? உண்மையச் சொல்லுங்க” என்று கேட்கிறாள். வாங்கினால் வாங்குகிறது என்கிறேன். இரண்டு பேரும் உட்கார்ந்துகொள்கிறோம். திரும்பும் வழியில், “அம்மா ஏன்ப்பா என்கிட்ட அப்படிச் சொன்னாங்க?” என்று கேட்டாள். தெரியலம்மா என்றேன். இன்னும் பெரியவளானால் இதைவிடக் கடுமையாகக் கேட்பாள். ஒருநாள் உன்னை வெறுப்பதாகக்கூடச் சொல்வாள்.

சொல்லட்டும். அவள் வாயை நான் மூடமாட்டேன். உன்னைத் தெய்வமாக்கி அவளை ஊமையாக்கவும் மாட்டேன். எதையும் யாரிடமும் மறைக்கச் சொல்லி அவளிடம் சத்தியம் வாங்கமாட்டேன். அந்தக் கோபம் ஆறி, தன் அம்மா எப்படிப்பட்டவள் என்று அவள் கேட்டு வரும் வயதில், உட்கார்ந்து முழுவதையும் சொல்வதற்கு நான் உயிரோடு இருப்பேன், புஷ்பா. இது நான் உனக்குச் செய்கிற சத்தியம்.

இப்படிக்கு,
கேட்க மறந்த உன் வீட்டுக்காரன்,
தர்ஷினியின் அப்பா.